ரெட் ட்வார்ஃப்: எந்த டிவிடி வாங்குவது, எங்கே தொடங்குவது, டிவியை எப்படி வைப்பது

விண்வெளித் தொடர் என்று சொல்லி யாரையாவது ரெட் ட்வார்ஃப் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரின் முன்னால் உட்கார வைத்தால் பத்தாவது நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார். லேசர் சண்டை கிடையாது. வேற்றுக்கிரகவாசி மொத்தத் தொடரிலும் கிடையாது. எதிரே வருவதெல்லாம் மனிதன் செய்துவைத்துக் கைவிட்ட இயந்திரங்களும் அவன் மரபணுவில் கைவைத்து உருவாக்கிய பிராணிகளும்தான். அடுக்குக் கட்டில் போட்ட ஓர் அறை. மேலே லிஸ்டர், கீழே ரிம்மர். ஒருத்தனுக்குச் சுத்தம் என்றால் என்னவென்றே தெரியாது, இன்னொருத்தன் பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டுப் படிப்பதற்கான கால அட்டவணைக்குக் கலர் அடித்துக்கொண்டிருப்பான். ஹாஸ்டலிலோ பஸ் ஸ்டாண்டு பக்கத்து மேன்ஷனிலோ ஒத்துவராத ஆளோடு ஒரு வருஷம் அறையைப் பகிர்ந்தவர்களுக்கு இந்தத் தொடரை விளக்கவே வேண்டாம். அந்த அறைதான் தொடர். எந்தப் பதிப்பை வாங்குவது, எந்த சீசனில் தொடங்குவது, டிவியில் எதை அணைப்பது என்று இங்கே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜூப்பிடர் மைனிங் கார்ப்பரேஷனின் சுரங்கக் கப்பல் ரெட் ட்வார்ஃப். கடைநிலைத் தொழிலாளி லிஸ்டர் திருட்டுத்தனமாக ஒரு பூனையைக் கப்பலுக்குள் கொண்டுவந்து மாட்டிக்கொள்கிறான். தண்டனை, மீதிப் பயணம் 18 மாதமும் காலம் உறைந்த அறையில் அடைப்பு. அவன் உள்ளே இருக்கும்போது கதிர்வீச்சுக் கசிவில் மற்ற எல்லோரும் இறந்துபோகிறார்கள். கசிவுக்குக் காரணம், சரியாகப் பழுது பார்க்கப்படாத ஒரு ட்ரைவ் ப்ளேட். கப்பலின் கணினி ஹாலி, கதிர்வீச்சு அடங்கியபிறகு கதவைத் திறக்கிறது: 30 லட்சம் வருஷம் கழித்து. துணைக்கு ஹாலி உயிர்ப்பித்துத் தருவது, லிஸ்டருக்குக் கண்ணிலேயே காட்டக்கூடாத, இறந்துபோன மேலதிகாரி ரிம்மரின் ஹோலோகிராம், அதாவது வெறும் ஒளியுருவம். கூடவே, அந்தப் பூனையின் வம்சத்தில் பரிணாமம் அடைந்து வந்த கேட். 2-வது சீசனில் ஒரே ஓர் எபிசோடுக்கு வந்து, 3-வது சீசனிலிருந்து நிரந்தரமாகச் சேர்பவன் வேலைக்கார இயந்திரன் க்ரைட்டன்.

எழுதி உருவாக்கியவர்கள் ராப் கிராண்ட், டக் நெய்லர். முதல் ஒளிபரப்பு பிபிசி 2-ல் 1988 பிப்ரவரி 15. 1999 வரை 8 சீசன், 52 எபிசோடு. பிறகு டேவ் சேனலுக்காக 2009-ல் மூன்று பாகமாக பேக் டு எர்த், 2012, 2016, 2017-ல் சீசனுக்கு ஆறு எபிசோடாக மூன்று சீசன்கள், 2020-ல் தி பிராமிஸ்டு லேண்ட் என்ற முழுநீளப் படம். மொத்தம் 74. அத்தனையும் பார்க்கத் தேவையில்லை. முதல் ஆறு சீசன், அதாவது 36 எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். ராத்திரிக்கு இரண்டு என்று வைத்தால் 18 ராத்திரி. அதற்குமேல் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். வசனத்தை நம்பி ஓடும் நகைச்சுவையில் நான்காவது எபிசோடுக்குக் காது தளர்ந்துவிடும்.

வாங்கும் விஷயத்துக்கு வருவோம். முதல் மூன்று சீசனுக்கு இரண்டு பதிப்பு உண்டு. ஒன்று, ஒளிபரப்பானபடியே உள்ளது. இன்னொன்று 1998-ல் செய்த 'ரீமாஸ்டர்டு'. பெயரைப் பார்த்து அதுதான் மேல் என்று நினைத்து வாங்குபவர்கள் அதிகம். வாங்காதீர்கள். அதில் பீட்டர் ராக் குழு கையால் செய்த மாடல் கப்பல்களை எடுத்துவிட்டு அந்தக் காலத்துக் கணினி வரைகலையைப் போட்டிருக்கிறார்கள். கப்பல் பென்சில் போல நீண்டு, பிளாஸ்டிக் மாதிரி வழுவழுவென்று இருக்கும். வீடியோவில் எடுத்ததற்குச் சினிமாச் சாயல் பூசினார்கள். ஹாலியின் சில காட்சிகளைத் திரும்ப எடுத்து நுழைத்தார்கள். அறைக்காட்சியிலேயே ஒலிகளை ஏற்றினார்கள். கடைசியில் சொன்னதுதான் பெரிய குற்றம். லிஸ்டர் ஒன்று சொல்லிவிட்டு நிறுத்துகிற அரை நொடியில்தான் சிரிப்பு வரும். அந்த அமைதிக்குள் ஒரு 'பீப்' சத்தத்தைப் போட்டால் நகைச்சுவை செத்துவிடுகிறது.

2002 நவம்பரில் தொடங்கி சீசன் சீசனாக வந்த பிரிட்டிஷ் டிவிடிகளில் இருப்பது பழைய ஒளிபரப்புப் பதிப்பு. 6 எபிசோடு சீசன்கள் இரண்டு வட்டாக வரும்: முதல் வட்டில் ஆறும், இரண்டாவதில் இணைப்புகளும். 2007-ல் வந்த பாடிஸ்னாட்சர் கலெக்ஷன் என்ற பெட்டிதான் ரீமாஸ்டர்டு. எல்லா எபிசோடையும் பார்த்து முடித்த ரசிகர்கள் ஒப்பிட்டுப் பார்க்க அதை வைத்துக்கொள்ளலாம். முதல்முறை பார்ப்பவர் கையில் கொடுக்கக்கூடாது. ஜஸ்ட் தி ஷோஸ் என்ற பெயரில் எபிசோடுகள் மட்டும் உள்ள பெட்டிகளும் உண்டு. பழைய கை மாறிய சரக்காகக் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் நடிகர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் விளக்க ஒலித்தடம் வேண்டுமென்றால் தனித்தனி சீசன் வட்டுகளே நல்லது.

லண்டனிலோ அமெரிக்காவிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் வாங்கிவரச் சொல்வதுதான் நம் ஊரில் வழக்கம். லண்டன்காரரிடம் சொல்லுங்கள். பிரிட்டிஷ் வட்டு பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 25 சட்டகம். நம் நாட்டு டிவியும் பால் பழக்கம் உள்ளது. அமெரிக்க வட்டு அந்த நாட்டு முறையான என்டிஎஸ்சிக்கு மாற்றியது. கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் விட்டுவிட்டு இழுக்கும். அறைக்குள்ளேயே நடக்கும் தொடரில் கேமரா அங்குமிங்கும் திரும்பிக்கொண்டேதான் இருக்கும் என்பதால் இந்த இழுப்பு கண்ணை உறுத்தும்.

எந்த நாட்டுப் பிளேயரில் வட்டு ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் பிராந்தியக் குறியீடு அடுத்த முள். பிரிட்டன் டிவிடி பிராந்தியம் 2, இந்தியா 5. இங்கே வாங்கிய பிளேயர் சிலது எந்த வட்டையும் ஏற்கும், சிலது ஏற்காது. ரிமோட்டில் குறியீடு அடித்துத் திறக்கும் வழி பல மாடல்களுக்கு உண்டு. மாடல் எண்ணை வைத்துத் தேடிவிட்டு வட்டுக்குப் பணம் கட்டுங்கள். லேப்டாப்பில் செருகும் யுஎஸ்பி டிரைவ் என்றால் பிராந்தியத்தை மொத்தம் 5 முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது மாற்றத்தோடு அது அப்படியே பூட்டிக்கொள்ளும். இந்திப் பட வட்டுக்கு 5, ரெட் ட்வார்ஃபுக்கு 2 என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஒரே வாரத்தில் கதை முடிந்துவிடும். ஒரு டிரைவை 2-ல் நிறுத்தி இதற்கென்றே ஒதுக்கிவிடுவதுதான் வழி.

ப்ளூரே? 1 முதல் 8 சீசன் வரை ப்ளூரேயிலும் வந்திருக்கிறது. ஆனால் மூலமே 576 வரி வீடியோ டேப்; இல்லாத விவரத்தை எந்த வட்டும் புதிதாகத் தராது. பெரிதாக்கிய படம்தான் அது. பிரிட்டிஷ் ப்ளூரே பி பிராந்தியம், இந்தியா சி. ஆக, பழைய சீசன்களுக்கு ப்ளூரே வாங்குவது கைக்காசுக்குக் கேடு. பேக் டு எர்த் முதல் வந்தவை ஹெச்டியில் எடுத்தவை. அவற்றுக்கு மட்டும், பிளேயர் ஒத்துவந்தால், ப்ளூரே பொருந்தும்.

'ஆல் இன் ஒன், அனைத்து சீசனும் இரண்டே வட்டில்' என்று வரும் சரக்கைத் தொடவே வேண்டாம். ஆறு எபிசோடுக்கு, கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்துக்கு, இரட்டை அடுக்கு வட்டு ஒன்று தேவைப்படுகிறது. அதைப் போலப் பல மடங்கை ஒன்றில் திணித்தால் இருட்டுக் காட்சியெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். முதல் இரண்டு சீசனின் சாம்பல் நிறச் சுவர்கள் அப்படியே சேறாகத் தெரியும்.

அந்த இரட்டை அடுக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டின் பாதியில் லென்ஸ் ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஒவ்வொரு முறையும் அதே எபிசோடில் அதே வசனத்தில் படம் உறைந்து நின்றால் வட்டுமேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் பிளேயர் லென்ஸ் தளர்ந்திருக்கிறது. வேறொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள், ஓடிவிடும். கோடை முழுக்க ஜன்னல் திறந்திருக்கும் மதுரை வீட்டில் லென்ஸில் தூசி படிவது சாதாரணம். வட்டைத் துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும், அதைப் பிளேயரால் சரிக்கட்ட முடியாது.

இப்போது டிவி. முதல் ஆறு சீசனும் 4:3. நாற்பத்து மூன்று இன்ச் அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். "படம் ஃபுல்லா வரலையே" என்று வீட்டில் யாராவது ரிமோட்டை எடுத்து இழுத்துவிடுவார்கள். அப்படி இழுத்தால் ரிம்மரின் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். ரிம்மராக நடிக்கும் கிறிஸ் பாரி மூக்குத் துவாரத்தை விரித்தே பாதிச் சிரிப்பை வரவழைப்பவர். அந்த மூக்கை டிவி விரிக்கக்கூடாது. 'ஜூம்' போட்டாலோ மேலும் கீழும் வெட்டுப்பட்டு, மேல் கட்டிலில் படுத்திருக்கும் லிஸ்டரின் தலை காணாமல் போகும். 4:3-லேயே விடுங்கள். படத்தை மழுமழுப்பாக்கும் 'மோஷன்' அமைப்பையும் 'ஷார்ப்னஸ்' கூட்டலையும் அணையுங்கள். எட்டு அடி தள்ளி உட்கார்ந்தால் 576 வரி போதும்.

கணினியில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருள் வழியாகப் பார்ப்பவர்கள் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் என்பதை ஆன் செய்து, மோடு யாடிஃப் 2எக்ஸ் என்று வையுங்கள். இது நொடிக்கு 50 அரைச் சட்டகமாக எடுத்த படம். இந்த அமைப்பு இல்லாவிட்டால் கை வீசும்போதெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரியும். குறிப்பாக 3-வது சீசனின் முதல் எபிசோடுத் தொடக்கத்தில் ஒரு நீளமான எழுத்துச்சுருள், வாசிக்கவே முடியாத வேகத்தில் மேலே ஓடும். 2-வது சீசன் முடிவில் விட்ட கதை என்ன ஆனது, ஹாலியின் முகம் ஏன் மாறியது, க்ரைட்டன் எப்படித் திரும்பி வந்தான் என்ற எல்லாமே அதில்தான் இருக்கிறது. நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டும். டீஇன்டர்லேஸ் இல்லாமல் நிறுத்தினால் எழுத்து நடுங்கி எதுவும் புரியாது.

ஒலியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஸ்டூடியோவில் பார்வையாளர்களை உட்காரவைத்து எடுத்த தொடர் இது. டிவியில் 'ஆட்டோ வால்யூம்' அல்லது 'நைட் மோடு' இருந்தால் பலத்த சிரிப்பு வந்ததும் டிவி மொத்தச் சத்தத்தையும் கீழே அமுக்கும், அடுத்த வசனத்தின் முதல் இரண்டு வார்த்தை கிணற்றுக்குள்ளிருந்து வரும். போலி 'சரவுண்ட்' போட்டால் சிரிப்பு அறை முழுக்கப் பரவிப் பேச்சை மூழ்கடிக்கும். இரண்டையும் அணைத்து, வெறும் ஸ்டீரியோவில் விடுங்கள். சித்திரை வெயிலில் மின்விசிறி ஐந்தில் ஓடும் ஹாலில் டிவியின் பின்பக்க ஸ்பீக்கர் பத்தாது. சின்னதாக ஒரு சவுண்ட்பார், டிவிக்கு நேர் கீழே. மொட்டை மாடியில் புரொஜெக்டர் போட்டுக் கூட்டமாகப் பார்ப்பவர்களுக்கும் இதே அறிவுரை, ஸ்பீக்கர் திரைக்குக் கீழே. பின்னால் வைத்தால் ஹாலி பேசுவது பக்கத்து வீட்டு மாடியிலிருந்து வருவது போல இருக்கும்.

எங்கே தொடங்குவது என்பதில் ரசிகர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. 3-வது சீசனிலிருந்து தொடங்கச் சொல்லும் கட்சி பெரியது. அதில் ஆடை, அரங்கம் எல்லாம் மாறி வண்ணம் வருகிறது, க்ரைட்டனாக ராபர்ட் லெவலின் வருகிறார், ஸ்டார்பக் என்ற பச்சை நிறச் சிறுகப்பல் வருகிறது. வேகமும் கூடும். ஆனாலும் தொடக்கத்தைத் தாண்டிப் போவது தவறு. முதல் சீசனில் 'தி எண்ட்', 'ஃப்யூச்சர் எக்கோஸ்', 'மீ ஸ்கொயர்டு' மூன்றும் கட்டாயம். தனிமை எவ்வளவு பெரியது என்று அந்தச் சாம்பல் சுவர்கள் காட்டினால்தான் பின்னால் வரும் சிரிப்புக்கு எடை இருக்கும். 'வெயிட்டிங் ஃபார் காட்' மெதுவாக நகரும். ஆனால் பூனை வம்சம், தாங்கள் கடவுளாகக் கும்பிடும் லிஸ்டர் போடச் சொன்ன அட்டைத் தொப்பி சிவப்பா நீலமா என்று புனிதப் போர் நடத்தி அழிந்த கதை அதில் வருகிறது. லிஸ்டர் நினைத்திருந்த நிறமோ பச்சை! கொடிக்கம்ப நிறத்துக்காகத் தெரு இரண்டுபட்டதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகவே உறைக்கும்.

'மீ ஸ்கொயர்டு' எபிசோடை நம் ஆட்கள் பாதிப் பேர் புரியாமல் தாண்டுகிறார்கள். காரணம் ஒரு கிண்ணம் சூப். ரிம்மர் சாகும்போது சொன்ன கடைசி வார்த்தை 'காஸ்பாச்சோ சூப்'. அது என்ன ரகசியம் என்பதுதான் எபிசோடு. காஸ்பாச்சோ ஸ்பெயின் நாட்டுத் தக்காளி சூப். குளிரக் குளிரத்தான் பரிமாறுவார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கேப்டன் மேஜையில் விருந்துக்கு அழைக்கப்பட்ட ரிம்மர், சூப் ஆறிப்போயிருக்கிறது என்று சமையல்காரரைக் கூப்பிட்டுச் சூடாக்கச் சொல்லிவிட்டான். அத்தனை அதிகாரிகளும் சிரித்தார்கள். தன் முன்னேற்றமே அந்தச் சூப்பில் மூழ்கியது என்று கடைசி மூச்சுவரை நம்பினான். மதுரை விளக்குத்தூண் பக்கம் வந்து ஒருவர் ஜிகர்தண்டாவைச் சூடு பண்ணிக் கொடுங்கள் என்று கேட்டால் எப்படியோ அப்படி. இதை எபிசோடுக்கு முன்னாலேயே கூடப் பார்ப்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், ஜிகர்தண்டா உதாரணத்தை மட்டும் சொன்னால் போதும். கிறிஸ் பாரி அந்தக் காட்சியைச் சிரிக்கவைக்காமல் பேசுவார். அவமானம் ஒரு மனிதனை எவ்வளவு காலம் தின்னும் என்பது அவர் குரலில் தெரியும்.

2-வது சீசன் ஆறும் முழுதாக. அதில் 'குவீக்' எபிசோடின் கதையை எங்கும் வாசித்துவிடாதீர்கள்.

3-வது சீசனின் 'மரூன்ட்' என் கணக்கில் தொடரின் உச்சம். ஸ்டார்பக் ஒரு பனிக் கிரகத்தில் விழுந்துவிடுகிறது. உள்ளே லிஸ்டரும் ரிம்மரும் மட்டும். உணவு என்று மிச்சம் இருப்பதில் நாய் உணவு டப்பா ஒன்று. லிஸ்டருக்கு அதைவிட உடனடி நூடுல்ஸ்தான் அருவருப்பு. குளிருக்கு எரிக்க ஏதாவது வேண்டும். புத்தகங்கள் போகின்றன, பணம் போகிறது. மிச்சம் லிஸ்டரின் கிடார், ரிம்மரின் அப்பா கொடுத்த கற்பூர மரப்பெட்டி, ரிம்மர் உயிராக வைத்திருக்கும் பொம்மைப் போர்வீரர்கள். ரிம்மர் ஹோலோகிராம், எதையும் தொட முடியாது, எரிப்பதெல்லாம் லிஸ்டர் கை. கிடாரை எரிக்கத் தனிமை வேண்டும் என்று ரிம்மரை வெளியே அனுப்பும் லிஸ்டர், ரிம்மரின் மரப்பெட்டியில் கிடார் வடிவத்துக்கு ஒரு பலகையை வெட்டி எடுத்து அதை நெருப்பில் போடுகிறான். உள்ளே வந்து பார்க்கும் ரிம்மர் நெகிழ்ந்துபோகிறான். நீ இவ்வளவு பெரிய தியாகம் செய்தாயே என்று, தானாக முன்வந்து தன் போர்வீரர்களை எரிக்கக் கொடுக்கிறான். இந்த இடத்தில் லிஸ்டராக நடிக்கும் கிரேக் சார்ல்ஸின் முகத்தை மட்டும் பாருங்கள். மாட்டிக்கொள்ளாத திருடனின் நிம்மதி, அடுத்த நொடி குற்ற உணர்ச்சி, அதற்கு அடுத்த நொடி குளிர். வசனமே இல்லை. பார்வையாளர் கூட்டம் அந்த முகத்துக்குச் சிரிக்கிறது. ஓர் அறை, இரண்டு ஆள், ஒரு பெட்டி. விண்வெளி வெறும் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் குளிர்.

4-வதில் 'டிஎன்ஏ', 'ஒயிட் ஹோல்', 'டைமென்ஷன் ஜம்ப்'. 5-வதில் 'பேக் டு ரியாலிட்டி'யைக் கடைசிக்கு வையுங்கள், அதையும் கதை வாசிக்காமல். 6-வதில் தாய்க்கப்பலே தொலைந்து நால்வரும் ஸ்டார்பக்கில் நெருக்கியடித்துப் போகிறார்கள். அறை இன்னும் சிறிதாகிறது, நகைச்சுவை இன்னும் இறுகுகிறது. ரிம்மர் விண்வெளிப் படையின் விதி எண்ணைத் தப்பாகச் சொல்ல, க்ரைட்டன் அந்த எண்ணுக்குரிய உண்மையான விதியை மரியாதையோடு வாசித்துக் காட்டுவது இந்த சீசனின் தொடர் விளையாட்டு. 'கன்மென் ஆஃப் தி அபோகலிப்ஸ்' 1994-ல் சர்வதேச எம்மி விருது வாங்கியது. வாங்கத் தகுந்ததுதான்.

7-வது சீசனில் அறை உடைகிறது. ராப் கிராண்ட் விலகிவிட்டார். நேரடிப் பார்வையாளர்கள் இல்லாமல் சினிமா போல எடுத்து, பிறகு மக்களுக்குத் திரையிட்டுச் சிரிப்பைச் சேர்த்தார்கள். நடிகர்கள் சிரிப்புக்கு இடம் விடாமல் பேசிக்கொண்டே போவதால் வசனமும் சிரிப்பும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. போதாக்குறைக்கு சீசனின் பெரும்பகுதியில் ரிம்மர் இல்லை. 'டிக்கா டு ரைட்' மட்டும் பாருங்கள். கப்பலில் இருந்த குழம்பு மொத்தமும் அழிந்துவிட்டதென்று லிஸ்டர் காலப்பயணமே கிளம்புகிறான். 8-வதில் இறந்த ஊழியர்கள் எல்லோரும் திரும்ப வந்துவிடுகிறார்கள். 30 லட்சம் வருஷத் தனிமை ஒரே வீச்சில் போய்விட்டது. அதன்பிறகு எவ்வளவு ஓடியாடினாலும் அது வேறு தொடர். 10-வது சீசன் மறுபடி கட்டிலுக்கும் பார்வையாளர்களுக்கும் திரும்பியதால்தான் பிழைத்தது. இந்த மதிப்பீட்டோடு சண்டைக்கு வரும் 8-வது சீசன் ரசிகர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் அதைத்தான் முதலில் பார்த்தவர்கள்.

லிஸ்டர் பேசுவது லிவர்பூல் பேச்சு. கிரேக் சார்ல்ஸ் அந்த ஊர்க்காரர். பிரிட்டனில் அதைக் கேட்டதும் இவன் எந்த வர்க்கம் என்று தெரிந்துவிடும். ரிம்மரோ மேலே ஏறத் துடிப்பவனின் விறைத்த ஆங்கிலம். "வந்தாய்ங்க, போனாய்ங்க" என்று பேசும் ஒருத்தனோடு, மேடைத்தமிழ் பேசி அதிகாரம் காட்டும் ஒருத்தனை அடைத்துவைத்தது மாதிரி. வீறாப்பு வெளியே, உதறல் உள்ளே என்று ரிம்மர் நிற்பதைப் பார்த்தால் வடிவேலுவின் உடல்மொழியைப் பார்த்து வளர்ந்த நமக்கு உடனே பிடிபடும். ஆங்கில வசன வரி பிரிட்டிஷ் வட்டில் உண்டு, கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்காகத் தமிழ் வசன வரி எழுதுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வட்டில் உள்ள வசன வரி எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் போட்டு எழுத்தாக மாற்றியபிறகுதான் மொழிபெயர்க்க முடியும். மாற்றும்போது பெரிய ஐ எழுத்தும் சின்ன எல் எழுத்தும் குழம்பும், ஒருமுறை திருத்திவிடுங்கள். தமிழ் வரி நீளும் என்பதால் ஒரு திரைக்கு இரண்டு வரி, வரிக்கு 30 எழுத்துக்கு மேல் போகவேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம்: சிரிப்பு வரும் கடைசிச் சொற்றொடரைத் தனி வரியாக வெட்டி, நடிகர் வாய் திறக்கும்போது மட்டும் வரும்படி நேரம் வையுங்கள். முழு வசனத்தையும் ஒரே திரையில் போட்டால் ரிம்மர் பேசி முடிக்கும் முன்பே அப்பா சிரித்து முடித்துவிடுவார். திரையில் சிரிப்பு வரும்போது ஹால் அமைதியாக இருக்கும்.

கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமியுங்கள். விஎல்சி அமைப்பில் சப்டைட்டில் பகுதியில் எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றுங்கள். பென்டிரைவை நேராக டிவியில் செருகினால் பல டிவிகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறிப்போய் "கெ" என்பது "க"வுக்குப் பின்னால் கொம்பு என்று விழும். அப்போது லேப்டாப்பிலிருந்து ஹெச்டிஎம்ஐ கம்பி போடுவதே வழி.

'ஸ்மெக்' என்ற வசவு தொடருக்கென்றே புழங்குவது. மொழிபெயர்க்காமல் அப்படியே விடுங்கள், மூன்றாவது எபிசோடில் எல்லோரும் பழகிவிடுவார்கள். க்ரைட்டன் "மிஸ்டர் லிஸ்டர் சார்" என்று மூச்சுக்கு மூச்சு சொல்வதை 'ஐயா' என்று சுருக்கவேண்டாம், அந்த நீளத்தில்தான் அவன் குணமே இருக்கிறது. ரிம்மர் காரியம் ஆகவேண்டும்போது மட்டும் "லிஸ்ட்டி" என்று குழைவான். அந்த இடங்களில் "தம்பி" போட்டால் கச்சிதம்.

லிஸ்டரின் விண்டாலூ பைத்தியத்துக்கு மட்டும் குறிப்பே தேவைப்படாது. போர்த்துகீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்த வினிகரும் பூண்டும் சேர்ந்த கறி அது. பிரிட்டன் ஓட்டல்களில் காரத்துக்குப் பெயர்போன உணவாக மாறியது. ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றச் சொல்லும் ஊரில், 30 லட்சம் வருஷம் கழித்தும் ஒருத்தன் காரக் குழம்புக்கு ஏங்குவது யாருக்குப் புரியாது? 'டிஎன்ஏ'வில் அவன் சாப்பிட வைத்திருந்த ஆட்டுக்கறி விண்டாலூவே ஆளுயர ராட்சசனாகித் துரத்துகிறது. அதை வீழ்த்துவது எது என்பதையும் குழம்பு சாப்பிடுகிறவர்களால் ஊகிக்க முடியும்.

குடி, படுக்கை சம்பந்தமான பேச்சு தாராளம். பன்னிரண்டு வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளோடு உட்கார வேண்டாம். 'பாலிமார்ஃப்' எபிசோடை மாமனார் மாமியாரோடு பார்க்கவே வேண்டாம்.

கடைசியாக, 3-வது சீசன் முதல் எபிசோடு 'பேக்வர்ட்ஸ்'. காலம் பின்னோக்கி ஓடும் பூமியில் மதுக்கடை மேலாளர் ஒருவர் ரிம்மரையும் க்ரைட்டனையும் பார்த்துத் தலைகீழ் ஆங்கிலத்தில் கத்துவார். கீழே ஓடும் வசன வரி கதைக்குத் தேவையானதை மட்டும் சொல்லும். அவர் வாயில் வருவது வேறு. அந்தக் காட்சியின் ஒலியை மட்டும் தனியாக எடுத்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, அவர் பேசும் பகுதியைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் ரிவர்ஸ் கொடுங்கள். முன்னும் பின்னும் அரை நொடி கூடுதலாக விட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் வார்த்தை அறுந்துவிடும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். அவர் திட்டுவது திரையில் நிற்கும் இருவரையும் அல்ல. இந்தப் பதிவைத் தேடிப்பிடித்து, திருப்பிப் போட்டு, என்ன சொல்கிறார் என்று மெனக்கெட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரே ஓர் ஆளைத்தான்.